ஆபரேட்டர் இருந்த இடத்தில் ஓர் அட்டவணை
இணையத் தொலைபேசி கேட்வேயில் அழைப்புக்கு வழி வகுத்தல்: ஒரு மதிப்பாய்வு

ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த நாட்களை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஊரையும் எண்ணையும் சொன்னால் போதும். எந்த ஊர் வழியாக இணைப்பது, அந்த வழி அடைத்திருந்தால் எதைச் சுற்றிப் போவது, அவசரமென்றால் யாரை முந்தவிடுவது என்பதெல்லாம் ஆபரேட்டரின் பொறுப்பு. எண்ணில் ஓர் இலக்கம் குறைந்தாலும் "இன்னொரு தடவை சொல்லுங்க சார்" என்று கேட்கும் அறிவு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

இன்று பல அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் கல்லூரிகளிலும் அந்த நாற்காலியின் வேலையை ஒரு சிறு பெட்டி செய்கிறது. ஒரு பக்கம் தொலைபேசி நிறுவனத்தின் கம்பி, மறுபக்கம் இணைய நெறிமுறையில் ஓடும் உள்வலை. நடுவில் இருக்கும் கேட்வே, அழுத்தப்பட்ட இலக்கங்களை மட்டும் பார்த்து அழைப்பு எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்கிறது. அழைப்பவரின் குரல் பதறுகிறதா, கை நடுங்குகிறதா என்று அதற்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் யாரோ ஒருவர் முன்கூட்டி எழுதிவைத்த அட்டவணைதான். ஆபரேட்டர் அனுபவத்தால் அறிந்திருந்ததை அந்த ஒருவர் வரிவரியாக எழுதிவைத்தாக வேண்டும். அவர் எழுத மறந்ததைப் பெட்டி ஊகித்துக்கொள்ளாது.

அந்த அட்டவணை எப்படி இயங்குகிறது, எங்கெங்கே தவறுகிறது, எழுதும் முறைகள் எவை, எந்த வரியை முதலில் எழுத வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் சிஸ்கோ கேட்வேயிலிருந்தும் ஆஸ்டெரிஸ்க் மென்பொருளிலிருந்தும் வருகின்றன. எண்கள் நம் நாட்டு எண்முறையைச் சேர்ந்தவை. அழைப்பு வழிப்படுத்தம் எந்த நாட்டில் நடக்கிறதோ அந்த நாட்டு எண்முறையோடு பிணைந்தது. வேறு நாட்டுப் பாடநூலிலிருந்து பெயர்த்து வைத்த அட்டவணை இங்கே முதல் நாளே இடறும்.

எண்ணே வழியாக இருந்த காலம்

கான்சஸ் சிட்டியில் இறுதிச் சடங்குத் தொழில் நடத்திய அல்மன் ஸ்ட்ரோஜர் 1891-ல் தானியங்கி இணைப்பகத்துக்குக் காப்புரிமை பெற்றார். தனக்கு வரவேண்டிய அழைப்புகளை ஆபரேட்டர் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகிறார் என்ற சந்தேகமே அவரைத் தூண்டியது என்று சொல்லப்படுவதுண்டு. மறு ஆண்டு இண்டியானா மாநிலத்தின் லா போர்ட் நகரில் அவருடைய முறை செயலுக்கு வந்தது. அந்த முறையில் ஒவ்வோர் இலக்கமும் சுவிட்சை நகர்த்தும். எண்ணைச் சுழற்றுவதும் பாதையை அமைப்பதும் ஒரே செயல்.

1947-ல் வட அமெரிக்காவுக்கு 86 பகுதிக் குறியீடுகள் வகுக்கப்பட்டபோது நியூயார்க்குக்கு 212, சிகாகோவுக்கு 312 என்று கொடுத்தார்கள். சிறிய இலக்கங்களைச் சுழற்ற நேரம் குறைவு, அதனால் அழைப்பு மிகுந்த நகரங்களுக்கு அவை போயின. இந்தியாவில் 1960-ல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே முதல் எஸ்.டி.டி. வந்தது. நம் எண்முறையிலும் நிலவியல் பதிந்திருக்கிறது. சென்னைக்கு 44-ம் அதன் பின் 8 இலக்கங்களும், கோவைக்கு 422-ம் அதன் பின் 7 இலக்கங்களும், கோவில்பட்டிக்கு 4632-ம் அதன் பின் 6 இலக்கங்களும். ஊர்க் குறியீடு நீண்டால் உள்ளூர் எண் குறுகும், கூட்டினால் எப்போதும் 10. உலக அளவில் இ.164 என்ற பரிந்துரை, நாட்டுக் குறியீட்டையும் சேர்த்து 15 இலக்கங்களுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பிட்டது.

இணையத் தொலைபேசி இந்தப் பிணைப்பை அவிழ்த்துவிட்டது. இங்கே எண் ஒரு பெயர் மட்டுமே. 0422 என்று தொடங்குவது கோவைக்குத்தான் போக வேண்டும் என்று கம்பி எதுவும் கட்டாயப்படுத்தவில்லை, அட்டவணை சொல்லும் இடத்துக்குப் போகும். நம் கைப்பேசி எண்களும் இப்படித்தான் ஆயின. 2011 ஜனவரியில் எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாறும் வசதி நாடு முழுவதும் வந்த பிறகு, தொடக்க இலக்கங்களைப் பார்த்து இது எந்த நிறுவனத்தின் எண் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதை நம்பி, மலிவான வழியைத் தேர எழுதிய அட்டவணைகள் அன்றே பழையவையாகிவிட்டன.

ஓர் அழைப்பு, இரண்டு பாதிகள்

கேட்வேயின் பின்புறத்தில் பல வகை வாய்கள் உண்டு. எஃப்.எக்ஸ்.எஸ். வாயில் சாதாரண மேசைப் போனையோ ஃபேக்ஸையோ செருகலாம். எஃப்.எக்ஸ்.ஓ. வாயில் தொலைபேசி நிறுவனத்தின் தனிக் கம்பி வந்து சேரும். பெரிய அலுவலகத்துக்கு பி.ஆர்.ஐ. எனப்படும் இ1 இணைப்பு, ஒரே நேரத்தில் 30 பேச்சுகளைச் சுமக்கும். உள்வலைப் பக்கம் முதலில் 1996-ல் எச்.323 நெறிமுறை வந்தது. பின்னர் எஸ்.ஐ.பி. 1999-ல் வெளியாகி, 2002-ல் ஆர்.எஃப்.சி. 3261 ஆகத் திருத்தி எழுதப்பட்டது. இன்று புதிதாக அமைப்பவர்கள் பெரும்பாலும் எஸ்.ஐ.பி.யைத்தான் எடுக்கிறார்கள்.

ஒவ்வோர் அழைப்பையும் கேட்வே இரண்டு பாதிகளாகவே பார்க்கிறது. ஒன்று தனக்குள் வரும் பாதி, மற்றது தன்னிடமிருந்து வெளியேறும் பாதி. சிஸ்கோ மொழியில் இவற்றை விவரிக்கும் வரிகளுக்கு டயல் பியர் என்று பெயர். புதிதாகக் கற்பவர்கள் வெளியேறும் பாதிக்கு மட்டும் வரி எழுதிவிட்டு, அழைப்பு போய்விட்டது என்று மகிழ்ந்துவிடுகிறார்கள். பின்னர் கண்டுபிடிக்க நாட்கணக்கில் அலையவைக்கும் கோளாறுகள் பெரும்பாலும் வரும் பாதியில்தான் ஒளிந்திருக்கின்றன.

வரும் அழைப்புக்கு எந்த வரி பொருந்துகிறது என்று சிஸ்கோ கேட்வே ஒரு வரிசையில் தேடும். அழைக்கப்பட்ட எண்ணை முதலில் பார்க்கும், பிறகு அழைத்தவர் எண்ணை, பிறகு வந்த வாயை. எதுவும் பொருந்தாவிட்டால் 0 என்ற இயல்பு வரியில் கொண்டுபோய் வைக்கும். அழைப்பு இணையும், பேச்சும் கேட்கும். ஆனால் அழுத்தும் இலக்கங்களைத் தனியே கடத்தும் ஏற்பாடு அந்த 0 வரியில் இல்லை. "தமிழுக்கு 1-ஐ அழுத்தவும்" என்ற குரலுக்கு அழைத்தவர் எத்தனை முறை அழுத்தினாலும் மறுமுனைக்கு எட்டாமல் போகலாம். வழி சரி, குரலும் சரி, வேலை மட்டும் நடக்கவில்லை என்ற புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

இலக்கங்களைப் படிக்கும் முறை

வெளியேறும் வரியைத் தேர்வதில் அடிப்படை விதி ஒன்று. எந்த வரியில் வெளிப்படையாக எழுதிய இலக்கங்கள் அதிகம் பொருந்துகின்றனவோ அது வெல்லும். "0 என்று தொடங்கும் எதுவும்" என்று ஒரு வரியும், "0422 என்று தொடங்கி மேலும் 7 இலக்கம்" என்று இன்னொரு வரியும் இருந்தால், கோவை எண் இரண்டாவதைப் பிடிக்கும். பொருத்தம் சமமாக இருந்தால் முன்னுரிமை எண் முடிவு செய்யும். சிஸ்கோவில் 0-தான் மிக உயர்ந்த முன்னுரிமை. அதுவும் சமமானால் தேர்வு எதேச்சையாக நடக்கும். ஒரே எண்ணுக்கு இரண்டு வரிகளை முன்னுரிமை குறிக்காமல் விட்டவர்கள், "சில சமயம் போகிறது, சில சமயம் போகவில்லை" என்ற புகாரைத் தாங்களே உண்டாக்கிக்கொள்கிறார்கள்.

நீளமான பொருத்தம் வெல்லும் என்பது முழு எண்ணும் ஒரே கட்டாக வந்து சேரும்போதுதான் உண்மை. கைப்பேசியிலும் பல எஸ்.ஐ.பி. போன்களிலும் எண்ணை முடித்துப் பச்சைப் பொத்தானை அழுத்துகிறோம். பழைய மேசைப் போனிலோ ஒவ்வோர் இலக்கமும் அழுத்த அழுத்தவே கேட்வேக்குப் போகிறது. அங்கே 223 என்று ஒரு வரியும் 2235 என்று இன்னொரு வரியும் இருந்தால், மூன்றாவது இலக்கத்திலேயே முதல் வரி பொருந்தி அழைப்பு கிளம்பிவிடும். நான்காவது இலக்கத்துக்கு இடமே இல்லை. எழுத்தில் நீண்டது வெல்கிறது, விரலில் குறுகியது முந்துகிறது. ஒன்றின் தொடக்கமாக இன்னொன்று அமையாதபடி எக்ஸ்டென்ஷன் எண்களை வகுப்பதுதான் இதற்கு மருந்து.

நீளம் தெரியாத எண்கள் இன்னொரு சிக்கல். வெளிநாட்டு எண்கள் நாட்டுக்கு நாடு வேறுபடும். இன்னும் எத்தனை இலக்கம் வரும் என்று தெரியாத கேட்வே காத்திருக்கும். சிஸ்கோவில் இயல்பாக 10 விநாடி. அழைத்தவருக்கு அந்த 10 விநாடியும் மௌனம். கோளாறு என்று நினைத்து வைத்துவிடுவார். நம் உள்நாட்டு எண்கள் 10 இலக்கம் என்று உறுதியாக இருப்பதால், அவற்றுக்கு நீளத்தை வரையறுத்தே எழுத வேண்டும். காத்திருக்கும் வடிவத்தை 00 என்று தொடங்கும் ஐ.எஸ்.டி. வரிக்கு மட்டும் ஒதுக்கி, சதுரக் குறியை (#) அழுத்தினால் உடனே போகும் என்று பணியாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

இலக்கங்களைத் திருத்துதல்

உள்ளே அழுத்திய எண் அப்படியே வெளியே போகக்கூடாது. வெளி அழைப்புக்கான 0 அல்லது 9 கழிய வேண்டும், தொலைபேசி நிறுவனத்தோடு இணைய நெறிமுறையில் பிணைக்கும் எஸ்.ஐ.பி. ட்ரங்க் வழியே போனால் பெரும்பாலும் 91 சேர வேண்டும், உள்ளூர் எண்ணாக இருந்தால் ஊர்க் குறியீடு சேர வேண்டும். சிஸ்கோ கேட்வேயில் கம்பிப் பக்கம் செல்லும் வரி, வெளிப்படையாக எழுதிய இலக்கங்களை இடப்புறமிருந்து தானே உதிர்த்துவிடும். 0422 என்று எழுதிய வரி வழியே கோவைக்குப் போன அழைப்பு, சென்னை இணைப்பகத்துக்கு வெறும் 7 இலக்கமாக வந்து நிற்கும். அங்கே அது எந்த எண்ணும் அல்ல. இணையப் பக்கம் செல்லும் வரியில் இந்த உதிர்ப்பு கிடையாது. ஒரே பெட்டியில் இரண்டு இயல்புகள் இருப்பதை அறியாமல் எழுதிய அட்டவணைகள் எண்ணற்றவை.

நாட்டு எண்முறை மாறும்போது இந்தத் திருத்த விதிகளும் மாற வேண்டும். 2021 ஜனவரி 15 முதல் நிலைத் தொலைபேசியிலிருந்து கைப்பேசியை அழைக்க முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்று மத்திய அரசு அறிவித்தது. இதனால் சுமார் 254 கோடி எண்கள் புதிதாகக் கிடைக்கும் என்று தொலைத்தொடர்புத் துறை கூறியது. வீட்டில் இருப்பவருக்கு அது ஒரு கூடுதல் இலக்கம், அவ்வளவுதான். வெளி அழைப்புக்கு 0 வைத்திருந்த அலுவலகத்திலோ நிலைமை வேறு. 0, இன்னொரு 0, பின் 98 என்று தொடங்கும் கைப்பேசி எண். இதை வெளிக் குறியீட்டைக் கழிப்பதற்கு முன்பே படிக்கும் அட்டவணைக்கு, அது 00 98 என்று தெரியும். 98 ஈரானின் நாட்டுக் குறியீடு. வெளிநாட்டு அழைப்பைத் தடுத்திருந்தால் உள்ளூர்க் கைப்பேசியும் தடைபடும். தடுக்காதிருந்தால் அழைப்பு கடல் கடக்கப் பார்க்கும். எந்த விதி முதலில், எந்த விதி பிறகு என்ற வரிசையில்தான் எல்லாம் இருக்கிறது.

சிக்கலைக் குறைக்கும் வழி ஒன்று பரவலாக ஏற்கப்பட்டிருக்கிறது. உள்ளே நுழைந்த உடனே எந்த எண்ணையும் நாட்டுக் குறியீட்டோடு கூடிய முழு வடிவத்துக்கு மாற்றிவிடுவது, வழியை அந்த முழு வடிவத்தை வைத்தே தேர்வது, வெளியேறும் வாசலில் அந்தந்த நிறுவனம் கேட்கும் வடிவத்துக்குத் திரும்ப மாற்றுவது. அப்போது நடுவிலுள்ள அட்டவணை ஒரே மொழி பேசும். புதிய ட்ரங்க் ஒன்றைச் சேர்த்தால் வாசல் விதி மட்டும் புதிதாக வேண்டும்.

அழைத்தவர் எண்ணுக்கும் இதே கவனம் தேவை. மிஸ்டு கால் பட்டியலில் 10 இலக்கமாகப் பதிந்த எண்ணை ஒருவர் அப்படியே திருப்பி அழைத்தால், வெளிக் குறியீடு இல்லாததால் அழைப்பு போகாது. உள்ளே வரும்போதே அந்தக் குறியீட்டைச் சேர்த்துக் காட்ட வேண்டும். வெளியே போகும்போது நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்ட எண்ணைத்தான் காட்ட வேண்டும். பொய் எண்ணைக் காட்டி ஏமாற்றும் அழைப்புகள் பெருகியதால், அமெரிக்காவில் 2021 ஜூன் 30 முதல் பெரிய நிறுவனங்கள் அழைத்தவர் எண்ணுக்கு மின்னணு ஒப்பம் இட வேண்டும் என்பது கட்டாயமாயிற்று.

வழி அடைத்திருந்தால்

ஆபரேட்டர் ஒரு வழி அடைத்தால் வேறு வழி தேடுவார். கேட்வேயும் தேடும், ஆனால் ஏன் அடைத்தது என்று அதற்குப் புரிய வைக்க வேண்டும். தொலைபேசி வலையில் ஒவ்வொரு தோல்விக்கும் காரண எண் உண்டு. 1 என்றால் அப்படி ஓர் எண்ணே இல்லை, 17 என்றால் பேசிக்கொண்டிருக்கிறார், 34 என்றால் வழியில் இடமில்லை. எஸ்.ஐ.பி.யில் இவற்றுக்கு இணையானவை 404, 486, 503 என்று 2002-ல் வந்த ஆர்.எஃப்.சி. 3398 வரையறுத்தது. 503 வந்தால் அடுத்த ட்ரங்கை முயல்வது சரி. 486 வந்த பின்னும் அடுத்த ட்ரங்க் வழியே அதே ஆளை மீண்டும் அழைப்பது வீண், அவர் இன்னும் பேசிக்கொண்டுதான் இருப்பார். இந்த வேறுபாட்டை எழுதாத அட்டவணை, ஒரு பிஸி அழைப்பை மூன்று ட்ரங்கிலும் சுற்றவிட்டு அழைத்தவரை அரை நிமிடம் காக்கவைக்கும்.

ட்ரங்க் உயிரோடு இருக்கிறதா என்று அழைப்பு வரும் முன்பே அறிய வேண்டும். அதற்காக எஸ்.ஐ.பி.யின் ஆப்ஷன்ஸ் செய்தியைச் சீரான இடைவெளியில் அனுப்பி, பதில் வராவிட்டால் அந்த வழியை ஒதுக்கிவைக்கிறார்கள். இது இல்லாத இடத்தில், செத்த வழியை ஒவ்வோர் அழைப்பும் தன் செலவில் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

மாற்று வழி எழுதும்போது வரும் பெரிய ஆபத்து சுழல். சென்னை கேட்வே தனக்குத் தெரியாத எண்ணையெல்லாம் மதுரைக்கு அனுப்புகிறது, மதுரை கேட்வே தனக்குத் தெரியாததைச் சென்னைக்கு அனுப்புகிறது என்றால், இல்லாத எண்ணுக்கான ஓர் அழைப்பு பந்தாக அலையும். எஸ்.ஐ.பி.யில் இதற்கு ஒரு கடிவாளம் இருக்கிறது. ஒவ்வொரு தாவலிலும் குறையும் ஓர் எண்ணிக்கை, பொதுவாக 70-ல் தொடங்கி, 0 ஆனதும் 483 என்ற பதிலோடு அழைப்பைக் கொல்லும். ஆனால் இரு கேட்வேகளும் இ1 கம்பியால் இணைந்திருந்தால் அந்த எண்ணிக்கை கம்பியைத் தாண்டி வராது. ஒவ்வொரு சுற்றும் ஒரு தடத்தைப் பிடித்துக்கொள்ள, சில நொடிகளில் 30 தடங்களும் நிரம்பிவிடும். "தெரியாததெல்லாம் அங்கே" என்ற வரியை ஒரு பக்கம் மட்டுமே வைக்க வேண்டும் என்பது இதனால்தான்.

எத்தனை தடம் போதும் என்ற கேள்விக்கு நூற்றாண்டுக்கு முன்பே விடை கிடைத்துவிட்டது. கோப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய கணிதர் ஏ.கே. எர்லாங் 1917-ல் வெளியிட்ட சூத்திரம் இன்றும் பயன்படுகிறது. அதன்படி நூற்றில் ஓர் அழைப்பு மட்டும் இடமின்றித் திரும்பலாம் என்று ஏற்றுக்கொண்டால், 30 தடங்கள் சுமார் 20 எர்லாங் சுமையை, அதாவது ஒரே நேரத்தில் சராசரியாக 20 பேச்சுகளை, தாங்கும். மூன்று நிமிடப் பேச்சுகளாகக் கணக்கிட்டால் நெருக்கடியான ஒரு மணி நேரத்தில் சுமார் 400 அழைப்புகள். இணையப் பக்கத்தில் கணக்கு வேறு. குரலை இலக்கமாக்கும் ஜி.711 முறையில் ஒரு திசைப் பேச்சுக்குத் தலைப்புகளோடு 80 கிலோபிட், ஜி.729 முறையில் 24 கிலோபிட் வேண்டும். இணைப்பு தாங்கும் எண்ணிக்கைக்கு மேல் ஓர் அழைப்பை உள்ளே விட்டால், அந்த ஒருவரோடு நில்லாமல் பேசிக்கொண்டிருக்கும் எல்லாருடைய குரலும் உடைகிறது. ஆகவே வரிக்கு இத்தனை அழைப்பு என்று உச்சவரம்பு இடுவதும் வழிப்படுத்தத்தின் பகுதியே.

எழுதும் மரபுகள் மூன்று

இந்த அட்டவணையை எழுதுவதில் மூன்று மரபுகள் உருவாகியிருக்கின்றன. முதலாவது டயல் பியர் மரபு. ஒவ்வொரு வழியும் ஒரு தனி அறிவிப்பு, தேர்வு விதி பெட்டிக்குள்ளே இருக்கிறது. பத்து இருபது வரிகள் இருக்கும்வரை இதைப் போலத் தெளிவானது வேறில்லை. நூறைத் தாண்டினால் எது எதை முந்தும் என்று கண்ணால் சொல்ல முடியாது.

இரண்டாவது, மார்க் ஸ்பென்சர் 1999-ல் தொடங்கிய ஆஸ்டெரிஸ்க்கின் மரபு. அங்கே அட்டவணை ஒரு நிரல். நேரம், நாள், அழைத்தவர் யார் என்று எதையும் கேட்டு வழி மாற்றலாம். எண்கள் கான்டெக்ஸ்ட் எனப்படும் அறைகளில் இருக்கின்றன, ஓர் அறையில் இருப்பவருக்கு அந்த அறையின் எண்கள் மட்டுமே தெரியும். இதன் வலிமையும் ஆபத்தும் ஒன்றே. அறைக்குள் இருக்கும் வரிகளில் குறிப்பானது முதலில் வெல்லும், ஆனால் வெளியிலிருந்து சேர்த்த அறைகள் இந்த அறையில் எதுவும் பொருந்தாதபோதுதான் பார்க்கப்படும். "எதுவானாலும்" என்று ஒரு வரியை முதல் அறையில் வைத்தால், சேர்த்த அறைகளின் நுட்பமான வரிகள் ஒருபோதும் எட்டப்படா.

மூன்றாவது மரபு அட்டவணையைப் பெட்டியிலிருந்து வெளியே எடுப்பது. எச்.323 காலத்தில் கேட்கீப்பர், இன்று எஸ்.ஐ.பி. ப்ராக்ஸி. கேட்வேக்கள் "இந்த எண் எங்கே?" என்று மையத்தைக் கேட்கும். இதன் உச்சமாக 2000-ல் எழுந்தது ஈனம் என்ற யோசனை. எண்ணைப் பின்னிருந்து முன்னாகப் புள்ளி வைத்துப் பிரித்து, இணையத்தின் பெயர்ப் பதிவேட்டிலேயே தேடலாம் என்றது. உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரே பதிவேடு என்ற அந்தக் கனவு பரவவில்லை. நிறுவனங்கள் தமக்குள் வைத்துக்கொண்ட தனிப் பதிவேடுகளில்தான் அது வாழ்கிறது. யார் அட்டவணையை வைத்திருக்கிறாரோ அவரிடம்தான் அழைப்பின் திசை இருக்கிறது என்பதால், அதை மற்றவர் கையில் கொடுக்க எவரும் எளிதில் இணங்குவதில்லை. ஸ்ட்ரோஜர் காலத்துச் சந்தேகம் இன்னும் மாறவில்லை.

என் மதிப்பீட்டில், ஒற்றை அலுவலகத்துக்கு முதல் மரபும், நேரத்துக்கேற்பக் குரல் வழிகாட்டியும் காத்திருப்பு வரிசையும் தேவைப்படும் மருத்துவமனை போன்ற இடத்துக்கு இரண்டாவதும், பல கிளை நிறுவனத்துக்கு மூன்றாவதும் பொருந்தும். எதை எடுத்தாலும் மையம் அறுந்தால் கிளை தன் ஊர்க் கம்பி வழியே பேசும் ஒரு வரியாவது கிளைப் பெட்டியிலேயே இருக்க வேண்டும்.

யாருக்குத் திறப்பது

இணையத்தில் 5060 என்ற வாயைத் திறந்துவைத்த கேட்வேயை, தானியங்கி நிரல்கள் ஓயாமல் தட்டிப் பார்க்கின்றன. உள்ளே வரும் அழைப்பு அடையாளம் கேட்கப்படாமல் வெளி ட்ரங்கை எட்ட முடிந்தால், கட்டணம் மிகுந்த வெளிநாட்டு எண்களுக்கு இரவோடு இரவாக அழைப்புகள் பாயும். விடுமுறை நாட்களையே இதற்குத் தேர்வார்கள். திங்கட்கிழமை காலையில் அலுவலகம் அறிவது கட்டணத்தை மட்டும்தான். சிஸ்கோ தன் 15.1(2)டி பதிப்பிலிருந்து, அட்டவணையில் பெயர் இல்லாத முகவரியிலிருந்து வரும் அழைப்பை இயல்பாகவே மறுக்கத் தொடங்கியது. ஏதோ ஓர் அழைப்பு நுழையவில்லை என்று அந்தக் காவலை முழுவதும் அணைத்துவிடுவது, சாவி தொலைந்ததற்காகக் கதவையே கழற்றுவது. விடுபட்ட முகவரியைச் சேர்த்தால் போதும்.

பழைய கம்பிப் பக்கத்திலும் ஓட்டை உண்டு. நேரடி உள்ளழைப்பு என்ற அமைப்பு இல்லாத வரியில் வெளியார் அழைத்தால், கேட்வே அவருக்கு இரண்டாவது டயல் ஒலியைக் கொடுக்கும். அந்த ஒலி கேட்டவர் நிறுவனத்தின் செலவில் உலகின் எந்த மூலைக்கும் அழைக்க முடியும். வெளியிலிருந்து வந்த அழைப்பு மீண்டும் வெளியே போகக்கூடாது என்பதைத் தனி விதியாகவே எழுத வேண்டும். யாருக்கு உள்ளூர், யாருக்கு எஸ்.டி.டி., யாருக்கு ஐ.எஸ்.டி. என்ற வகுப்புகளையும் போன் வாரியாகப் பிரிக்க வேண்டும். வரவேற்பறையில் எவரும் எடுக்கக்கூடிய போனுக்கு ஐ.எஸ்.டி. தேவையில்லை.

இந்தியாவில் சட்டமும் அட்டவணைக்குள் வருகிறது. சென்னை ஊழியர் கோவை வாடிக்கையாளரை அழைக்கும்போது, அழைப்பை நிறுவனத்தின் சொந்த வலை வழியாகக் கோவைக் கிளைக்குக் கொண்டுபோய் அங்கே உள்ளூர் அழைப்பாக இறக்குவது சிக்கனம் என்று வெளிநாட்டுப் பாடநூல்கள் கற்பிக்கும். உரிமம் பெற்ற நிறுவனத்தின் நெடுந்தூரக் கட்டணத்தைத் தாண்டிச் செல்வதாக நம் உரிம விதிகள் இதை நெடுங்காலம் தடுத்துவந்தன. 2002 ஏப்ரலில் இணையத் தொலைபேசி வரம்புகளோடு அனுமதிக்கப்பட்டது, 2018-ல் உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கு விரிந்தது, அழைப்பு மையங்களுக்கான விதிகள் 2020-லும் 2021-லும் தளர்ந்தன. ஆனாலும் தனியார் வலையையும் பொதுத் தொலைபேசி வலையையும் எங்கே கலக்கலாம் என்ற கேள்வி, வரி எழுதும் முன்பே விடை தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. இத்தகைய விதிகளுக்காகவே சிஸ்கோ தன் அழைப்பு மேலாண்மை மென்பொருளில் லாஜிக்கல் பார்ட்டிஷனிங் என்ற தனி வசதியைச் சேர்த்தது.

முதல் வரி

2013 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் மார்ஷல் நகரில், ஒரு விடுதி அறையில் ஒரு பெண் தாக்கிக் கொல்லப்பட்டார். அவருடைய 9 வயது மகள் அறைப் போனை எடுத்து 911-ஐ நான்கு முறை அழைத்தாள். அழைப்பு போகவில்லை. வெளியே அழைக்க முதலில் 9 அழுத்த வேண்டும் என்பது அந்தக் குழந்தைக்குத் தெரியாது. சொல்லிக்கொடுத்ததை அவள் சரியாகவே செய்தாள். அந்த எண்ணுக்கு அட்டவணையில் வரி இல்லை. அந்தப் பெண்ணின் பெயரால் கேரி சட்டம் 2018-ல் நிறைவேறி, 2020 பிப்ரவரி 16-க்குப் பிறகு நிறுவும் எந்த அமைப்பிலும் முன் இலக்கம் இல்லாமலே 911 போக வேண்டும் என்று ஆணையிட்டது.

நம் அலுவலகங்களில் இதே பள்ளம் வேறு வடிவில் இருக்கிறது. மூன்று இலக்க எக்ஸ்டென்ஷன்களை 101-லிருந்து தொடங்கும் வழக்கம் பரவலானது. 101 தீயணைப்பு, 108 ஆம்புலன்ஸ், 112 எல்லா அவசரத்துக்கும் பொது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த சக ஊழியருக்காக ஒருவர் 108 அழுத்தினால், கணக்குப் பிரிவின் காலி மேசையில் மணி அடிக்கும். எக்ஸ்டென்ஷன்கள் 1-ல் தொடங்கவே கூடாது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. வெளி அழைப்புக்கு 0 வைத்து, 0112 என்பதையும் அவசர எண்ணாக ஏற்கிறோம் என்று வையுங்கள். வெளிக் குறியீட்டை மறந்து டெல்லி எண்ணை 011-2 என்று அழுத்தத் தொடங்கியவரின் அழைப்பு, நான்காவது இலக்கத்திலேயே காவல் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடும். வெளிக் குறியீடு 9 ஆனால் 9112 என்று தொடங்கும் கைப்பேசி எண்கள் இதே வலையில் விழும். இலக்கங்களுக்கு இடையே ஓரிரு விநாடி காத்திருக்கும் வடிவில் அந்த ஒரு வரியை எழுதலாம். அல்லது வெளிக் குறியீட்டையே கைவிடலாம். என் சாய்வு இரண்டாவதன் பக்கம். கைப்பேசியோடு வளர்ந்த தலைமுறைக்கு வெளிக் குறியீடு என்ற கருத்தே அந்நியம். பதறிய விரல் தெரிந்த எண்ணைத்தான் அழுத்தும்.

இன்னொன்று, அவசர அழைப்பு அந்தந்த ஊர்க் கம்பி வழியாகவே வெளியேற வேண்டும். மதுரைக் கிளையின் 108 அழைப்பு சென்னை ட்ரங்கில் இறங்கினால், ஆம்புலன்ஸ் எந்த ஊருக்குக் கிளம்புவது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதிலேயே நேரம் போகும். எல்லாத் தடங்களும் நிரம்பியிருந்தாலும் இந்த அழைப்புக்கு ஒரு தடம் ஒதுக்கி வைத்திருக்க வேண்டும்.

எழுதும் வரிசை

பரிசீலித்த எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் அட்டவணை எழுதும் வரிசை தெளிவாகிறது. முதலில் அவசர எண்கள். அடுத்து எது எதற்குப் போகக்கூடாது என்ற தடைகள். பிறகு உள் எண்கள், உள்ளூர், கைப்பேசி, எஸ்.டி.டி. கடைசியில் ஐ.எஸ்.டி. ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் அது ஏன் இருக்கிறது என்று ஒரு வாக்கியம். எழுதியவர் வேலை மாறிப் போன பிறகு அடுத்தவர் அந்த வரியைத் துணிந்து திருத்த அந்த வாக்கியமே துணை. நடைமுறையில் பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. நிர்வாகி முதலில் கேட்பது வெளிநாட்டு அழைப்பை, அவசர எண் யாருக்கும் நினைவில் வருவதில்லை.

எழுதியதைப் பெட்டியிடமே கேட்டுச் சரிபார்க்கலாம். சிஸ்கோவில் ஷோ டயல்ப்ளான் நம்பர் என்ற கட்டளைக்கு ஓர் எண்ணைக் கொடுத்தால் எந்த வரி பொருந்தும் என்று சொல்லிவிடும், ஆஸ்டெரிஸ்க்கில் டயல்ப்ளான் ஷோ அதே வேலையைச் செய்யும். ஆனால் திரையில் பொருந்திய எண் விரலில் பொருந்தாமல் போகலாம் என்று பார்த்தோம். எனவே அட்டவணையை முடித்தவர் தன் மேசையிலேயே வேலையை முடித்துக்கொள்ளக் கூடாது. கட்டுப்பாட்டு அறைக்கு முன்கூட்டிச் சொல்லி அனுமதி பெற்று, இரவுக் காவலர் உட்காரும் வாசல் மேசைக்கு நடந்துபோய், அங்கிருக்கும் பழைய போனை அவர் கையிலேயே கொடுத்து 112 அழுத்தச் சொல்ல வேண்டும். மறுமுனையில் குரல் கேட்ட பிறகு, எந்த ஊரிலிருந்து அழைப்பதாக அவர்களுக்குத் தெரிகிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு திரும்பலாம்.